அச்சில் ஆடிய தூண்

சாலை பஜாரில் குடை ரிப்பேர் கடைக்கு மேல் மாடி. மதியம் ஒன்றே கால். துப்பறியும் இசக்கிசெல்வி மரச்சீனிக் கிழங்கை மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே அவளுடைய உதவியாளன் மஹேஷ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கரமனை அக்ரகாரத்துப் பையன். மூன்று வருஷமாக இதே மேஜையில்தான் சாப்பாடு. மீன் வாசனை பழகவில்லை, மற்றதெல்லாம் பழகிவிட்டது. அதற்கு முன் கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், அடுத்தவன் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிக்கிற உத்தியோகம். புரோகிராமை நடுவில் வைத்துக்கொள்வானேன், அடுத்தவனையே நேராகக் கண்டுபிடித்துவிடலாம் என்று இங்கே வந்து சேர்ந்தான். அம்மாவிடம் இன்றுவரை 'கன்சல்டன்ஸி' என்றுதான் சொல்லிவைத்திருக்கிறான்.

இசக்கிசெல்வி பன்னிரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்து அறிக்கை எழுதியவள். நெருப்பு எந்த மூலையில் பிடித்தது என்பதற்கு முன்னால், நெருப்புப் பிடித்தபோது முதலாளி எந்த ஊரில் இருந்தார் என்று கேட்பாள். பாதி வழக்கு அதிலேயே முடிந்துவிடும்.

படியில் காலடி கேட்டது. இருபத்தேழு வயது இருக்கும் ஒரு பெண், தோளில் துணிப்பையும் கையில் செருப்பு டப்பாவுமாக வந்து நின்றாள்.

"என் பேரு பொன்செல்வி. நான் செஞ்ச பாலம் உடைஞ்சு போச்சு. ஏன் உடைஞ்சதுன்னு எனக்குத் தெரியணும்."

"பாலம் உடைஞ்சா என்ஜினீயர்கிட்ட போகணும்," என்றான் மஹேஷ். "எங்க கெப்பாசிடிக்கு அதிகபட்சம் பூட்டு உடைஞ்சதைக் கண்டுபிடிப்போம்."

"ஒண்ணரை மீட்டர் பாலம் சார். மாடல்."

"அப்போ நம்ம லெவல்தான். உக்காருங்கோ."

பொன்செல்வி உட்கார்ந்தாள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கழக்கூட்டத்தில் ராமசுப்ரமணியன் என்பவருடைய டிசைன் கம்பெனியில் மாடல் செய்கிற வேலை. தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் நாலாம் நம்பர் லயத்துக்கும் பஸ் நிற்கிற ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஆறு. அதற்கு ஒரு தொங்கு நடைபாலம் கட்ட கம்பெனி டிசைன் கொடுத்திருந்தது. அரசாங்கம் போட்ட நாலு பேர் குழுவின் முன்னால், நவராத்திரி முதல் நாள், மாடலின் மேல் ஒரு கிலோ மணல் பைகளை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார்கள். பன்னிரண்டு பை தாங்க வேண்டும். நாலாவது பையிலேயே தூண் உடைந்து பாலம் படுத்துவிட்டது.

"தூண் ரெசின்ல வார்த்தது, கலந்து ஊத்தினா கல்லாகுற பிசின். நான் மட்ட ரெசின்ல வார்த்துட்டேன்னு பாஸ் குழுகிட்ட சொல்லிட்டாரு. அன்னிக்கே என்னை வேலைய விட்டு நிறுத்தியாச்சு. நாளைக்குப் பதினொரு மணிக்கு, பாலம் வேண்டாம்னு குழு கையெழுத்துப் போடுறாங்க."

"அந்த ஆறு எப்படி?" என்றாள் இசக்கிசெல்வி.

"ஜூலையில பொங்கினா எட்டு நாள் யாரும் இந்தாண்ட வர முடியாதுக்கா. போன வருஷம் எங்க மதினி ஒருத்தி ஆத்தங்கரையிலயே பிள்ளை பெத்தா. ஜீப்பு அக்கரையில நிக்கி, இவ இக்கரையில."

மஹேஷ் வாய் வரை வந்த ஜோக்கைத் தயிர்சாதத்தோடு சேர்த்து விழுங்கினான்.

"உடைஞ்ச துண்டு ஏதாச்சும் கைல இருக்கா பிள்ளே?"

பொன்செல்வி செருப்பு டப்பாவைத் திறந்தாள். வெள்ளிப் பெயின்ட் அடித்த தீப்பெட்டி அளவுத் துண்டு. தூணின் அடிப்பாகம். கூட்டிப் பெருக்குவதற்கு முன்னால் மேஜைக்கடியிலிருந்து பொறுக்கியதாம்.

"இதை வார்த்த அச்சு?"

"ரூம்ல வச்சு வார்த்ததால என்கிட்டயேதான் இருக்கு." துணிப்பையிலிருந்து நீல நிற ரப்பர் அச்சின் இரண்டு பாதிகளை எடுத்து வைத்தாள்.

இசக்கிசெல்வி மீன் கையைக் கழுவிவிட்டு வந்து, உடைந்த துண்டை அச்சின் அடியில் வைத்துப் பொருத்தி, லேசாக ஆட்டினாள். கடகடவென்று ஆடியது.

"உன் அச்சுல வார்த்தது இப்படித்தான் ஆடுமா?"

பொன்செல்வி அச்சை வாங்கித் தானே ஆட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "இல்லக்கா. சிக்குனு இருக்கும். இழுத்து எடுக்கிறதுக்குள்ள விரல் வலிக்கும்." அவள் குரல் தாழ்ந்தது. "ஏழு நாளா என் கலவையில என்ன தப்புன்னு யோசிச்சிட்டே கெடந்தேன். இதை வச்சுப் பாக்கணும்னு தோணலை."

"தன் மேல சந்தேகம் வந்தா பக்கத்துல இருக்கிறது கண்ணுக்குத் தெரியாது. லே மகேசு, என்ன புரிஞ்சுது?"

"இட்லி குழியை விடச் சின்னதா இருக்கு. அப்போ இட்லி இந்தத் தட்டுல வெந்தது இல்லை."

"ஆங். ரெசின் கெட்டியாகும்போது கொஞ்சம் சுருங்கும். இவ செஞ்ச தூணை வச்சு ஒருத்தன் இன்னொரு அச்சு எடுத்திருக்கான். அதுல வார்த்திருக்கான். அது சுருங்கியிருக்கு. உடைஞ்சது நகல். கேள்வி ரெண்டு. நகல் எடுத்தது ஆரு? அசல் எங்க?"

மஹேஷ் கை கழுவ எழுந்தான். சாப்பாடு முடியவில்லை, ஆனால் இனி முடியாது என்பது அவனுக்குத் தெரியும்.

*

யூசுப் பாயின் கடை நாலு சந்து தள்ளி. பிசின், வார்னிஷ், படகு ஓட்டையடைக்கிற சாமான், சாவிக்கொத்துப் பொம்மை வார்க்கிற சாமான் என்று ஒட்டுகிறதும் வார்க்கிறதும் எல்லாம் அங்கே கிடைக்கும். அறுபது வயது. திருவிதாங்கோட்டிலிருந்து இருபது வயதில் வந்தவர். எதைக் கேட்டாலும் ஒரு பிரசங்கம் இலவசம்.

பாய் ஒரு குண்டூசியைத் தீக்குச்சியில் காய்ச்சித் துண்டின் உடைந்த முகத்தில் குத்தி, மூக்கருகே கொண்டுபோனார்.

"விழிஞ்ஞத்துல பைபர் படகு ஒட்டுற ஷெட்டு மணம். பாலியெஸ்டர்மா இது. எந்தப் படுபாவி இதுல தூண் வார்த்தான்?"

"அதான் பாய் தேடுதோம். தூணுக்கு எது நல்லது?"

கேட்டிருக்கக் கூடாது. பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணு மாப்பிள்ளை வாராங்கன்னு வச்சுக்க. மூத்தவன் யூரிதேன். பத்து நிமிஷத்துல கெட்டியாயிருவான். அவசரக்காரன். காத்துல ஈரம் இருந்தா நுரைச்சு உள்ள ஓட்டை ஓட்டையா இருப்பான். பாரத்தை ஏத்தி மாசக்கணக்குல விட்டா மெல்ல மெல்ல வளைவான். நடுவுலவன் பாலியெஸ்டர். பாக்க கண்ணாடி. சுருங்குவான், நாறுவான், ஒரு தட்டு தட்டினா பொலபொலன்னு போயிருவான். கடைசி எபாக்ஸி. கெட்டியாக ஒரு நாள் வேணும். பொறுத்திருந்து, லேசா சூட்டுல வச்சு எடுத்தா அசைய மாட்டான்."

"நாலு பேர் பார்த்தா அந்த நடுவில்காரனுக்குத்தான் பெண் கொடுப்பா," என்றான் மஹேஷ். "எங்க தெருவில அதான் நடக்கறது."

"நீ எந்த ரெசின் தம்பி?"

"முப்பத்தொண்ணு ஆறது. இன்னும் கெட்டியாகலை."

பொன்செல்வி ஏழு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு சொன்னாள், "நான் வாங்கினது எபாக்ஸி. இவங்ககிட்டதான்."

"வாங்கினியே. ஒரு மணி நேரம் என் உயிரை எடுத்துட்டுல்ல வாங்கினே." பாய்க்கு அவளை ஞாபகம் இருந்தது. "அப்புறம் உங்க கம்பெனிப் பையன் ஒருத்தன் வந்தானே. கண்ணாடி போட்டவன். நவராத்திரிக்கு மூணு நாலு நாள் முன்ன இருக்கும். சீக்கிரம் கெட்டியாகிறது எதுன்னான். பாலியெஸ்டர் ஒரு டின்னு கொண்டுபோனான். பாரம் ஏத்தப்படாது தம்பின்னு நான் சொன்னேன். பொம்மைக்குத்தான் பாய்னு சொல்லிட்டுப் போனான்."

"பொம்மைக்கா?" என்றாள் இசக்கிசெல்வி.

"அப்படித்தான் சொன்னான்."

"கண்ணாடி போட்டது அகில்," என்றாள் பொன்செல்வி. "எனக்குப் பக்கத்து டேபிள். அந்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல்னு நான் மூணு நாள் ஊருக்குப் போயிருந்தேன்."

*

கழக்கூட்டத்துக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. இசக்கிசெல்வியின் பழைய காரில் இடது கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும் என்பதால், இறங்க வேண்டிய இடத்தில் எல்லாம் அவள் சுற்றி வந்து மஹேஷுக்குக் கதவு திறந்துவிடுவாள். பார்ப்பவர்கள் அவனைப் பெரிய மனிதன் என்று நினைப்பார்கள். அவன் அதைத் திருத்துவதில்லை.

கம்பெனிக்கு எதிரே தட்டுக்கடையில் அகில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தான். பொன்செல்வியைப் பார்த்ததும் பழம்பொரியை வைத்துவிட்டு எழுந்தான். ஓடுகிறவன் மாதிரி இல்லை, ஓடத் தெரியாதவன் மாதிரி நின்றான்.

"உக்காரு தம்பி. பொம்மைக்கு வார்த்தியாமே, எந்தப் பொம்மைக்கு?" என்று இசக்கிசெல்வி துண்டை டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தாள்.

அகில் அதையே பார்த்தான். "சேச்சி, சத்தியமாட்டு நான் வேணும்னு செய்யல."

"வேணாம்னா செஞ்சே?" என்றான் மஹேஷ்.

"பாஸ் சொன்னாரு. மாடல் போல இன்னொண்ணு வேணும், ஷோவுக்கு மட்டும், ஒரு மாமியோட கொலுவில வைக்கணும்னு. பலகையும் கம்பியும் மிச்சம் இருந்துது. தூண் மாத்திரம் இல்ல. இவளோட தூணைக் கழட்டி அச்சு எடுத்தேன். எபாக்ஸிக்கு நேரம் இல்ல, பாலியெஸ்டர்ல வார்த்தேன். அசல் தூணைத் திரும்ப மாட்டிட்டேன். ரெண்டுக்கும் ஒரே பெயின்ட். ரெண்டும் ஒரே மாதிரி பெட்டி."

"பெறகு?"

"கொலு தொடங்குறதுக்கு முந்தின நாள் பாஸ் வண்டியை எடுத்துட்டு வந்தாரு. கொலுப் பெட்டியை ஏத்துன்னாரு. எது எதுன்னு நான் எழுதி வைக்கல. ரெண்டையும் தூக்கிப் பார்த்தேன். கனமா இருந்தது அசல்னு நினைச்சு அதை ஆபீஸ்ல வச்சிட்டு, லேசா இருந்ததை வண்டியில ஏத்தினேன்."

பொன்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். "அகில், பாலியெஸ்டர்தான்டா எபாக்ஸியைவிடக் கனம்."

"இப்போ அறியும்," என்றான் அகில். "நாலாவது பை வைக்கும்போதே அறிஞ்சேன்."

கல்லாவில் யாரோ போனில் பணம் கட்டியதை மெஷின் உரக்க அறிவித்தது. பொன்செல்வி அவன் சட்டைக் காலரைப் பிடிப்பாள் என்று மஹேஷ் எதிர்பார்த்தான். அவள் பிடிக்கவில்லை. "ஏழு நாளுடா," என்று மட்டும் சொன்னாள். அகிலுக்குக் கண் கலங்கியது. அடித்திருந்தால் கலங்கியிருக்காது.

"அன்னிக்கு வைகுன்னேரம் ஆபீஸ் விடும்போதே பாஸ்கிட்ட சொல்லிட்டேன், பெட்டி மாறிப்போச்சுன்னு. அவரு ஏசி ரூம்ல வேர்த்துட்டாரு. யார்கிட்டயும் மிண்டாதேன்னாரு. அப்புறம் ஒரு வார்த்தை சொன்னாரு. பொன்செல்விக்கு வேற வேலை கிடைக்கும், எனக்கு வேற மாமி கிடைக்க மாட்டாங்கன்னு."

"எந்த மாமி?"

"அதறியில்லா. கரமனை மாமின்னு மாத்திரம்தான் தெரியும்."

இசக்கிசெல்வி மெதுவாகத் திரும்பி மஹேஷைப் பார்த்தாள்.

"கரமனையில மாமி அல்லாதவாளைத்தான் தேடிக் கண்டுபிடிக்கணும்," என்றான் மஹேஷ். "கொலு வைக்கிறவா மட்டும் ஐம்பது அறுபது பேர். வீடு வீடாப் போனா நாளைக்குப் பதினொரு மணிக்கு எனக்குச் சுண்டல்ல வயிறு வெடிச்சிருக்கும். கையெழுத்தும் ஆகியிருக்கும்." சொல்லிக்கொண்டே நிறுத்தினான். பிறகு போனை எடுத்தான். "அம்மா, அந்தக் கொலு குரூப்ல வந்த போட்டோ எல்லாம் எனக்கு அனுப்பு. ஆமா, எல்லாத்தையும். இல்லை, பொண்ணு பாக்கறதுக்கு இல்லை."

*

அறுபத்தெட்டுப் போட்டோ வந்தது. பைபாஸ் டிராஃபிக்கில் கார் ஊர்ந்துகொண்டிருக்க, மஹேஷும் பொன்செல்வியும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். தசாவதாரம், மறுபடி தசாவதாரம், ஒரு வீட்டில் ராக்கெட் தளம், ஒரு வீட்டில் பிள்ளையார் லேப்டாப்போடு. நாற்பத்தோராவது போட்டோவில் பொன்செல்வியின் விரல் நின்றது.

ஏழு படி கொலு. அதற்கு முன்னால் தரையில் நீல பட்டுப்புடவை ஒன்றை மடித்து ஆறு விட்டிருந்தார்கள். ஆற்றின் குறுக்கே வெள்ளி நிறத் தொங்கு பாலம். பாலத்தின் மேல் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு கல்யாண ஊர்வலம். நாதஸ்வரம், தவில், மாப்பிள்ளை, பெண், சீர்த்தட்டு, குண்டாக ஒரு சமையல்காரர்.

"என் தூண்," என்றாள் பொன்செல்வி.

மஹேஷ் போட்டோ அனுப்பியவர் பெயரைப் பார்த்தான். லலிதாம்பாள். அவனுக்கு அடுத்த தெரு. அந்த வீட்டுப் பெயர்ப் பலகையை அவன் சின்ன வயதிலிருந்து தினமும் தாண்டிப் போயிருக்கிறான்.

"செல்வியக்கா, வண்டியை ஓரமா நிறுத்துங்கோ."

"ஏம்லே, வாந்தி வருதா?"

"வரலாம். லலிதா மாமியோட ஆத்துக்காரர் பேர் வெங்கடகிருஷ்ணன். ரிட்டயர்ட் சீஃப் என்ஜினீயர்."

பொன்செல்வி போனையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "குழுவோட சேர்மன் சார் அவருதான்."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்து உயிரை எடுத்தது.

"அப்போ உங்க பாஸ் ராமசுப்ரமணியனுக்கு ஏன் வேர்த்துதுன்னு வெளங்கிட்டு," என்றாள் இசக்கிசெல்வி. "பாலம் வேணுமா வேண்டாமான்னு சொல்லுகவர் வீட்டுக்கு இவன் பாலத்தைச் சம்மானமா கொடுத்திருக்கான். பெட்டி மாறினதைச் சொன்னா, ஏண்டே அங்க பெட்டி போச்சுன்னு கேப்பாங்க. அதுக்கு இந்தப் பிள்ளையைப் பலி கொடுக்கது எளுப்பம்."

"மனுஷர் ஏழு நாளா சோபாவில உக்காந்துண்டு பார்க்கறார்," என்றான் மஹேஷ். "பாலம் பலம் இல்லைன்னு அறிக்கை எழுதிண்டு, அது மேல கல்யாண ஊர்வலம் போறதைப் பார்க்கறார்."

*

கரமனைக்குப் போனபோது ஆறு மணி. லலிதாம்பாள் மாமி வாசலில் நின்று யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவை, மூக்குத்தி, மைக் இல்லாமலே நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல்.

"டேய் மஹேஷ், கன்சல்டன்ஸில இருக்கேன்னு உங்கம்மா சொன்னாளே, இவாதான் உன் ஆபீஸரா? வாங்கோ வாங்கோ. மஞ்சக் குங்குமம் வாங்கிக்கோங்கோ. யாரு பாடறேள்?"

"இவன் பாடுவான்," என்றாள் இசக்கிசெல்வி.

தொழில் நிமித்தமாக மஹேஷ் எவ்வளவோ செய்திருக்கிறான். அன்றைக்குப் பாடினான். முடித்தபோது மாமி, "போறும், சுண்டல் எடுத்துக்கோ" என்றாள். அதற்குள் பொன்செல்வி பாலத்தின் அருகே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். நாலு தூணையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டாள். ஊரிலிருந்து வந்த பிள்ளையைத் தடவிப் பார்க்கிற மாதிரி இருந்தது மஹேஷுக்கு.

"நம்ம ராமசுப்ரமணியன் கொடுத்தது," என்றாள் மாமி. "போன வருஷம் இந்த ஊர்வலத்தை ஸ்டூல் போட்டு வச்சேன். ஸ்டூல் ஆடி மாப்பிள்ளைக்குக் கை போயிடுத்து. இது ஏழு நாளா இம்மி அசையலை."

"இதையெல்லாம் கொஞ்சம் எடுத்து எடை போட்டுப் பாக்கலாமா மாமி?" என்றாள் இசக்கிசெல்வி.

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நவராத்திரி முடியாம கொலுவில கை வைக்கறதாவது. வேணும்னா இன்னும் ஏத்திக்கோ. எறக்கப்படாது."

"அதுவும் நல்லதுதான். இந்தப் பொம்மை செட்டு எவ்வளவு கனம் இருக்கும்?"

"ஏன், பண்ருட்டியிலேர்ந்து பார்சல்ல வந்தது. பெட்டி மேலேயே எழுதியிருக்கும்."

பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வெங்கடகிருஷ்ணன் வந்தார். மடிப்புக் கலையாத வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் பேனா. பொன்செல்வியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து புருவம் நெரிந்தது. "நீ அந்த மாடல் பண்ணின பெண் இல்லியோ? ஆத்துக்கெல்லாம் வரப்படாது. எதுவானாலும் நாளைக்குக் குழுவில எழுதிக் கொடு."

"அவ கொலு பாக்க வந்திருக்கா சார்," என்றாள் இசக்கிசெல்வி. "நீங்களும் ஒரு தடவ பாருங்க. இந்தப் பாலத்தை."

"கொலு எல்லாம் அவ டிபார்ட்மென்ட்," என்று சொல்லிக்கொண்டே அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தவர் மறுபடி குனிந்தார். இந்த முறை மெதுவாக. ஏழு நாளாகக் கொலுவுக்கு முதுகு காட்டி பேப்பர் படித்த மனிதர், தான் படுக்கப்போட்ட பாலம் தன் வீட்டு ஹாலில் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தார்.

அவர் உள்ளே போய் ஸ்டீல் அளவுகோலும் தையல் நூலும் எடுத்து வந்தார். நூலை இரண்டு பக்கத் தூண் உச்சிக்கும் நடுவே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தூணின் சரிவை அளந்தார். மறுபடி அளந்தார். பரணிலிருந்து அட்டைப்பெட்டியை மஹேஷ் இறக்கிக்கொடுக்க, மேலே ஒட்டியிருந்த சீட்டை வாசித்தார். பதின்மூன்று கிலோ நானூறு கிராம்.

"ஏழு நாள்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "லலிதா, அந்தப் பித்தளைப் பிள்ளையார் எவ்வளவு?"

"மூணு கிலோ இருப்பார். ஏன்?"

"வை."

மாமி பிள்ளையாரைச் சமையல்காரருக்குப் பின்னால் வைத்தாள். கம்பிகள் இறுகின. தூண் நின்றது. கிழவர் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார்.

"என்ன ரெசின்மா?"

"எபாக்ஸி சார். ஒரு நாள் அச்சுலயே விட்டேன். அப்புறம் அறுபது டிகிரியில எட்டு மணி நேரம்."

"ஓவன் வச்சிருக்கியா?"

"இல்ல சார். மரப்பெட்டிக்குள்ள நூறு வாட்டு பல்பு ரெண்டு போட்டு, தெர்மாமீட்டரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

"யூரிதேன்ல வார்த்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே."

"பாரம் நின்னா நாள்பட வளையும் சார். விளக்குச் சூடு பட்டா இன்னும் வளையும். உடைஞ்சாக்கூட எல்லாருக்கும் தெரிஞ்சிரும். வளையறது யாருக்கும் தெரியாது. ஒரு நாள் ஒருத்தி ஏறும்போதுதான் தெரியும்."

வெங்கடகிருஷ்ணன் தலையாட்டினார். பிறகு இசக்கிசெல்வி நடந்ததைச் சொன்னாள். நகல், பாலியெஸ்டர், பெட்டி மாறியது, மூடிமறைத்தது. செருப்பு டப்பாவைத் திறந்து துண்டையும் அச்சையும் அவர் கையில் கொடுத்தாள். அவர் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ராமா, வெங்கிட்டு பேசறேன். உன் பாலம் என் ஆத்துல இருக்கு."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்த சத்தம். பிறகு, "அண்ணா, அது மாமி பிரியப்பட்டாளேன்னு..."

"நான் எங்கேடா பிரியப்பட்டேன்?" என்றாள் மாமி. "நீதானே தூக்கிண்டு வந்தே."

"ராமா, நாளைக்குப் பத்து மணிக்குக் குழு முன்னால வந்து, பெட்டி மாறினதையும் அது ஏன் இங்கே வந்ததுங்கறதையும் உன் வாயால சொல்லு. நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா நன்னா இருக்காது. அந்தப் பெண்ணுக்கும் எழுத்துல மன்னிப்புக் கேக்கணும்."

"வரேன் அண்ணா," என்றது குரல், மிகச் சின்னதாக.

போனை வைத்ததும் அவர் முகம் தொங்கியது. "என் ஆத்துக்குச் சாமான் வந்திருக்கு. இனிமே நான் சேர்மனா உக்காரப்படாது. பொறுப்பை அடுத்தவர்கிட்ட கொடுத்துடறேன். சாட்சியா எழுதறேன். ஆனா குழு பார்க்கணுமே, லலிதா, பாலத்தை நாளைக்கு ஆபீஸுக்கு..."

"கொலு கலையாது," என்றாள் மாமி. "பார்க்கணும்னா அவாளை இங்கே வரச் சொல்லுங்கோ. நாளைக்குக் கடலைப்பருப்புச் சுண்டல்."

"அரசாங்கக் குழு சுண்டலுக்கு வரதுக்கு எந்த ஃபாரம் நிரப்பணும் சார்?" என்றான் மஹேஷ். கிழவர் மற்ற மூவருக்கும் போன் செய்ததையும், மூவரும் வருவதாகச் சொன்னதையும் அவன் கேட்டான்.

அப்போது பொன்செல்வியின் போன் அடித்தது. "அம்மா," என்று அவள் வெளியே போக எழுந்தாள்.

"இங்கேயே பேசு, ஸ்பீக்கர்ல போடு, நானும் ஒரு வார்த்தை கேக்கறேன்," என்றாள் மாமி.

போனக்காட்டிலிருந்து உலகம்மை பேசினாள். பின்னணியில் ஏதோ இரைந்துகொண்டே இருந்தது. பொன்செல்வி மூச்சுவிடாமல் சொன்னாள். தூண் கிடைத்துவிட்டது, உடைந்தது தன்னுடையது இல்லை, ஏழு நாளாகப் பதின்மூன்று கிலோ பொம்மை பாலத்தில் நிற்கிறது, ஒரு நூல் அசையவில்லை.

உலகம்மை எல்லாவற்றையும் கேட்டாள்.

"பொம்மை நடந்துட்டுல்லா. நாங்க எப்பட்டி நடக்கது?"

வெங்கடகிருஷ்ணன் கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டார்.

"அம்மா, நான் வெங்கடகிருஷ்ணன். பாலம் வேண்டாம்னு எழுதினவன்."

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது. அது ஆறு என்பது மஹேஷுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த அம்மாள் ஆற்றங்கரையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறாள்.

"தப்பா எழுதிட்டேன்," என்றார் அவர். "பாலம் வேணும்னு இப்போ எழுதப் போறேன். நாளைக்கு சாயங்காலம் பூஜவைப்பு, புஸ்தகம் பேனா எல்லாம் பூஜையில வச்சுடுவா, அப்புறம் தொட முடியாது. அதுக்கு முன்னால குழு கையில கொடுத்துடறேன்."

"நாளைக்கு இருக்கட்டும் சாமி," என்றாள் உலகம்மை. "இப்ப எழுதுங்க. நான் லைன்லயே நிக்கேன்."

அவர் பேனாவைத் திறந்தார். மாமி டீப்பாயிலிருந்த சுண்டல் கிண்ணத்தை நகர்த்தி இடம் செய்துகொடுத்தாள். அவர் எழுதி முடிக்கிறவரை, அந்த ஹாலில் ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.